ரெண்டு ஓட்டை... இருபது டாக்டர்!

வடசென்னையில் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு நாள் தெருவில் நடந்து பாருங்கள். கல்மண்டபத்தில் கிளம்பி காசிமேடு போய்ச் சேருவதற்குள் இருபது டாக்டர்களாவது கிடைப்பார்கள். டோக்கன் கிடையாது, ஃபீஸ் கிடையாது, நீங்கள் வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டாம்.

"இன்னா நைனா, முட்டியா? புத்தூர்ல ஒரு கட்டு போட்டா ரெண்டே வாரத்துல ஓடலாம்" என்பார் பூட்டு ரிப்பேர்காரர். எலும்பு உடையவே இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார். "ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடி கண்ணு" என்பது மீன் கூடை ஆயாவின் பிரிஸ்கிரிப்ஷன். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் மட்டும் வைத்தியம் சொல்ல மாட்டார், கதை சொல்வார். "முட்டில கத்தி வெச்சியா? ஐயோ... எங்க மச்சான் ஒருத்தன் இப்படித்தான்..." உலகத்தில் உள்ள அத்தனை மச்சான் கதைகளுக்கும் ஒரே க்ளைமாக்ஸ்தான்: "இன்னி வரைக்கும் காலை மடக்க முடியல!"

போன வருஷம் எனக்கு வலது முட்டியில் ஆர்த்ராஸ்கோப்பி நடந்தது. கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பைக்கை நிறுத்திக் காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் ரோடு இல்லை, பள்ளம்தான் இருந்தது. உள்ளே மெனிஸ்கஸ் என்கிற தட்டு கிழிந்துவிட்டது. நம்ம பாஷையில் 'ஜவ்வு'. ஆபரேஷன் முக்கால் மணி நேரம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே நமக்குச் சொந்தமில்லாத ஒரு பிரதேசத்தில் யாரோ வேலை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது அதற்கப்புறம் வந்து சேரும் விருந்தாளியைப் பற்றி. வலி!

★ ★ ★

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1918-ல் டோக்கியோவில் கென்ஜி டகாகி என்ற டாக்டர், மூத்திரப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை எடுத்து ஒரு பிரேதத்தின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். எல்லாம் ஆரம்பித்தது அங்கேதான். அவருடைய சிஷ்யர் மசாகி வாடனபே கருவியைச் சீர்திருத்திக்கொண்டே வந்து, 1962-ல் கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு பகுதியை அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே வெட்டி எடுத்துக் காட்டினார். அதுவரை முட்டியை மீன் அறுப்பது போலத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ரெண்டு ஓட்டை, சில சமயம் மூன்று. ஒன்றில் கேமரா, இன்னொன்றில் ஆயுதம். ஒரு ஓட்டைக்கு ஒரு தையல்.

குழப்பமே இந்த ஒரு தையலில்தான் வருகிறது. 'ஓட்டை சின்னது, வலியும் சின்னதாத்தான் இருக்கணும்' என்று நாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம். வாசல் சின்னது என்பதால் வீட்டுக்குள் நடந்த ரிப்பேரும் சின்னது என்று அர்த்தமா? உள்ளே லிட்டர் கணக்கில் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி மூட்டை உப்ப வைத்து, நறுக்கி, வழித்து, சில பேருக்குத் தைத்தும் இருக்கிறார்கள். மூட்டைச் சுற்றியிருக்கும் உறையில் நரம்புகள் ஏராளம். அவை சும்மா இருக்குமா? வீங்கும், சூடாகும், வலிக்கும். கிழிந்ததை நறுக்கினவர்கள் சில நாட்களில் தேறி நடப்பார்கள். தைத்தவர்களுக்கும் புது லிகமெண்ட் வைத்தவர்களுக்கும் அது மாதக் கணக்கு. "எனக்கு உள்ள என்ன பண்ணீங்க டாக்டர், நறுக்கினதா, தைச்சதா?" என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிட்டு அழ வேண்டியிருக்காது.

நம்ம சேப்பாக்கம் 'தல' தோனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஐ.பி.எல். முழுக்க இடது முட்டியில் பட்டையோடு விக்கெட் கீப்பிங் பண்ணினார். மழையால் தள்ளிப்போன ஃபைனல் மே 30 விடியற்காலையில்தான் முடிந்தது. கோப்பையை வாங்கினார். ஜூன் 1-ம் தேதி மும்பையில் முட்டிக்குச் சாவித்துவார ஆபரேஷன். 2024-ல் திரும்பி வந்து ஆடினார். 'பாத்தியா, தல எப்படித் தாங்கினாரு' என்று நாம் அதோடு நிறுத்திவிடுகிறோம். 2025-ல் கோச் ஃபிளெமிங், தோனியின் முட்டி பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். இத்தனைக்கும் அவருக்குத் தனி பிசியோ, தனி ஜிம், தனி எல்லாம். நமக்கு இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மூன்றாவது மாடி வாடகை வீடும்தான்.

★ ★ ★

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துப் படுக்கையில் ஒரு வெல்டர் அண்ணன். திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை பசங்களோடு ஃபுட்பால் ஆடி முட்டியைத் திருப்பிக்கொண்டவர். என்னை மாதிரியே ரெண்டு ஓட்டை.

ராத்திரி நர்ஸ் வந்தார். "வலி எவ்வளவு? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"நமக்கு இன்னா சிஸ்டர், ஜீரோ!" என்றார் அண்ணன். பத்து மணிக்கு ஜீரோ. அது வாஸ்தவம்தான், முதுகில் போட்ட மரத்துப்போகும் ஊசி அப்போது இன்னும் வேலையில் இருந்தது. ஊசி டூட்டி முடிந்து கிளம்பியது ஒரு மணிக்கு. அதற்குமேல் அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த பிடியில் கம்பிக்கே வலித்திருக்கும். நர்ஸ் மறுபடி வந்து கேட்டபோதும், "ஜீரோதான் சிஸ்டர்!"

நான் "ஏழு" என்றேன். எனக்கு மாத்திரையும் தூக்கமும் கிடைத்தது. அண்ணனுக்கு கௌரவம் கிடைத்தது.

மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்து, "தொடையை இறுக்கிக் காலைத் தூக்குங்க" என்றதும்தான் வித்தியாசம் தெரிந்தது. அண்ணனுக்குக் கால் தூக்க வரவில்லை. மனசு இல்லாமல் இல்லை, கால் கேட்கவில்லை. பிசியோ விளக்கினார்: முட்டியில் வலியும் வீக்கமும் இருந்தால் மூளை தொடைத் தசைக்குப் போகும் கரண்டைக் குறைத்துவிடும். 'அடிபட்ட இடம், ஆட்டாதே' என்கிற ஏற்பாடு. நாலு நாள் இப்படி விட்டால் தசை இளைக்க ஆரம்பிக்கும். தசை இளைத்தால் முட்டிக்கு முட்டுக் கொடுக்க ஆள் இல்லை. மடக்காமல் வைத்த மூட்டு இறுகும். அப்புறம் மடக்கப் போனால் முன்னைவிட வலி.

ஆக, மாத்திரை சொகுசுக்காக இல்லை. காலை அசைக்க முடிகிற அளவுக்கு வலியைக் கீழே கொண்டுவரத்தான். வலியைச் சுத்தமாகத் துடைத்து எறிவதும் நோக்கமில்லை, முடியவும் முடியாது. படுத்திருக்கும்போது ரெண்டு மூன்று, பயிற்சி செய்யும்போது நாலு அஞ்சு என்றால் வண்டி ஓடும். 'வலி தாங்குறவன் ஆம்பளை' என்கிற கொள்கை நம்ம ஏரியாவில் நெடுங்காலமாக அமலில் இருக்கிறது. குத்துச்சண்டை மேடையில் அது சரி. ஆபரேஷன் ஆன முட்டிக்கு அந்தக் கொள்கை ஆகாது.

அண்ணனுக்கு மூன்றாவது வாரம்கூடக் கால் முழுசாக நீளவில்லை. அதைச் சரிக்கட்ட ரெண்டு மாதம் பிசியோ. வெல்டருக்கு உட்கார்ந்து எழுந்திருக்க, ஏணி ஏற முட்டி வேண்டாமா? கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

★ ★ ★

நான் பி.காம். எனக்கு எதையும் நோட்டில் எழுதினால்தான் நம்பிக்கை. வீட்டுக்கு வந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நாலு காலம் கோடு போட்டேன். நேரம், மாத்திரை, வலி எத்தனை, என்ன செய்தபோது. அம்மா, "இது இன்னா, முட்டிக்கு பேலன்ஸ் ஷீட்டா?" என்று கேட்டாள். ஆமாம், அதேதான். நாலாம் நாளே அந்த நோட்டு மூன்று விஷயம் சொன்னது.

ஒன்று: முதல் ரெண்டு மூன்று நாள் மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும், வலியைப் பார்த்து அல்ல. 'வலிச்சா பாத்துக்கலாம்' என்று விட்டால் எட்டுக்கு ஏறிவிடும். எட்டிலிருந்து இறக்குவது கடனை அசலோடு அடைப்பது மாதிரி. மூன்றில் பிடித்து வைப்பது மாதா மாதம் வட்டி கட்டுவது மாதிரி. அப்புறம் வலி குறையக் குறைய மாத்திரையையும் குறைத்துக்கொண்டே வரலாம்.

இரண்டு: ஒரே சரக்கை ரெண்டு பேரில் வாங்கி ரெண்டு தரம் வரவு வைக்கக் கூடாது. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கிற கலவை மாத்திரையில் ஏசிகுளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் 325 மில்லிகிராம் ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அதைத் தினம் மூன்று போடுகிறீர்கள், 975. உடம்பு கதகதப்பாக இருக்கிறதே என்று காய்ச்சல் மாத்திரை 650 நாலு தரம், 2600. மொத்தம் 3575! பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்சவரம்பே 4000. மெலிந்த உடம்புக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், தினம் 'சாயங்கால மருந்து' சாப்பிடுகிறவர்களுக்கும் அதைவிடக் குறைவு. கல்லீரல் ஓவர்டிராஃப்ட் கொடுக்காத பாங்க், சார்.

மூன்று: டைக்ளோஃபெனாக், ஏசிகுளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். வேளை தவறாமல் மாதக் கணக்கில் விழுங்கினால் கிட்னி கேள்வி கேட்கும். பிரஷர், சர்க்கரை, அல்சர், கிட்னி கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மருந்தை லேசாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போட்டார்கள், மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகள் கிட்னி கெட்டு லட்சக்கணக்கில் செத்தன. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தையே தடை செய்தது மத்திய அரசு. நாம் கழுகு இல்லைதான். ஆனாலும் நமக்கும் ரெண்டே கிட்னி.

எங்க தெருவில் ஒருவர் இருக்கிறார். முட்டி வலிக்கு ஒரு தரம் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை லேமினேட் பண்ணி வைத்து, ஒரு வருஷமாக அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டார். அஞ்சு நாளைக்கு எழுதிய சீட்டு அது! இப்போது கையில் வைத்திருப்பது கிட்னி டாக்டரின் ஃபைல்.

டிரமடால் என்று இன்னொரு மருந்து. பலமான ஆள். தலைசுற்றல், தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் கூடவே அழைத்து வருவார். பழக்கமும் ஆகிவிடுவார். 2018-லிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. டாக்டர் எழுதினால், எழுதின நாள் வரைக்கும்தான். நண்பன் மீதி வைத்திருக்கிறான் என்று வாங்கிப் போடாதீர்கள்.

★ ★ ★

மாத்திரை இல்லாத வைத்தியத்தில் முதலிடம் ஐஸுக்கு. காசிமேட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு ஐஸுக்கு அலைய வேண்டுமா? மாமா ஒருவர் துறைமுகத்திலிருந்தே ஒரு பாலித்தீன் பை நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்துவிட்டார். முட்டி ஜில்லென்று ஆனது. ஆனால் வீட்டுக்குள் இருந்த பூனைகள் என்னை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தன. மறுநாளிலிருந்து ஃபிரிட்ஜ் ஐஸ்தான். துண்டில் சுற்றி, பதினைந்து இருபது நிமிஷம், நாளைக்கு நாலைந்து தரம். தோலின் மேல் நேராக வைத்தால் ஐஸும் சுடும். தையல் நனையக் கூடாது.

அடுத்து, தலையணை. அம்மா பாசத்தோடு முட்டிக்கு அடியில் ஒன்றைச் சொருகினாள். சொகமோ சொகம்! பிசியோ வீடியோ காலில் பார்த்துவிட்டு அலறினார். முட்டி மடங்கின வாக்கிலேயே நாள் முழுக்க இருந்தால் அப்படியே இறுகிவிடுமாம். தலையணை குதிகாலுக்கும் ஆடுசதைக்கும் அடியில் போக வேண்டும். கால் நெஞ்சைவிட உயரத்தில் இருந்தால் வீக்கம் வடியும். சும்மா படுத்திருக்கும்போதும் பாதத்தைத் தையல் மிஷின் மிதிப்பது போல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தால் ரத்தம் தேங்காது.

மாடிப்படிக்கு ஒரு சூத்திரம். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே. நல்லவனுக்கு புரமோஷன், கெட்டவனுக்கு டிமோஷன். (ஆபீஸில் நடப்பதற்கு நேர் எதிர் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது.) ஒற்றைக் கைத்தடி என்றால் அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை ஸ்டேஷன்களில் நடைமேம்பாலம் ஏறி இறங்கித்தான் ஆபீஸ் என்றால், பிசியோவிடம் படி ஏறிக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

தைலம்? 1893-ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் ஆரம்பித்து, பிறகு மெட்ராஸுக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சன் காலத்திலிருந்து, தமிழன் வலித்த இடத்தில் தேய்க்காமல் விட்டதில்லை. தேய்த்தால் இதமாக இருப்பது பிரமையும் இல்லை. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது, தொடுகிற உணர்ச்சி முந்திக்கொண்டு உள்ளே போனால் வலி வெளியே நிற்கும். கூட்டமான பஸ்ஸில் முன்னால் ஏறினவன் சீட் பிடிப்பது போல. அதனால் இடுப்புக்கும் தோளுக்கும் தாராளமாகத் தேயுங்கள். தையல் போட்ட இடத்துப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஆடுசதையை யாரும் உருவி விடவும் விடாதீர்கள். "எண்ணெ போட்டு உருவுனா சரியாப் பூடும்" என்று வருபவர்கள் பாசக்காரர்கள்தான். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் ஆடுசதை வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

எந்த வலிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடுசதை வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், குளிர்க்காய்ச்சல் வந்தால், தையலில் சீழோ நாற்றமோ இருந்தால், மாத்திரை போட்டும் வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால்... அப்போது நோட்டு, ஐஸ், தைலம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரி. நடுராத்திரி என்றாலும் சரி.

★ ★ ★

கடைசியாக, மாத்திரைக்கு அடங்காத ஒரு வலி. சம்பள வலி.

வெல்டர் அண்ணனுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது. வைத்தியம் இலவசம் என்று தெரியும். வீட்டில் படுத்திருக்கும் நாளுக்குக் காசு வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு, ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாத காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டது என்றால் 90 சதவீதம், குணமாகும் வரை. கான்ட்ராக்ட் தொழிலாளியும் இதில் சேர்த்திதான். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிஃபிகேட் முக்கியம். எட்டாவது நாளே "வேலைக்குப் போறேன்" என்று அவர் கிளம்பியதற்குக் காரணம் வீரம் இல்லை, வீட்டு வாடகை. என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார். நான் மேலே சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சர்டிஃபிகேட்டைச் சேர்த்துக் கொடுத்தார், பணம் வந்தது. அதற்கப்புறம்தான் நிம்மதியாகப் படுத்து, காலை நீட்டி, பிசியோ சொன்னதைச் செய்தார்.

நாலாவது மாதம் வேறு கான்ட்ராக்டரிடம் சேர்ந்துவிட்டார். ஏணி ஏறுகிறார். வாரத்துக்கு ஒரு தரம் எனக்கு போன் வரும். 'நல்லாக்கீறியா' எல்லாம் கிடையாது, நேராக விஷயம்தான்.

"இன்னிக்கு நம்பர் இன்னாபா?"

"ஒண்ணுண்ணே. உங்களுக்கு?"

"முட்டிக்கு ரெண்டு. மாசக் கடைசி பாரு... பாக்கெட்டுக்கு எட்டு!"